வளைவில் இருமும் இன்ஜின்... ரேஸ் காரைப் பாடாய்ப் படுத்தும் ஒரு குட்டி மிதவை!

'ஃபோர்டு வெர்சஸ் ஃபெராரி' படம் பார்த்திருக்கிறீர்களா? 1966-ம் ஆண்டு லு மான்ஸ் 24 மணி நேர ரேஸில் முதல் மூன்று இடங்களையும் ஃபோர்டு ஜிடி40 கார்கள் அள்ளிய கதை. படத்தில் டிரைவரின் கால் ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போதெல்லாம் நமக்கும் கால் துடிக்கும். அந்த ஏழு லிட்டர் ராட்சத இன்ஜினுக்குப் பெட்ரோல் ஊட்டியது கம்ப்யூட்டரும் இல்லை, சென்சாரும் இல்லை. ஒரு ஹோலி கார்புரேட்டர்தான். அந்த கார்புரேட்டருக்குள், 'பெட்ரோல் போதும், நிறுத்து' என்று சொல்லும் பொறுப்பு உள்ளங்கைக்குள் அடங்கும் மிதவைகளிடம் இருந்தது.

நேர் ரோட்டில் இந்த மிதவை சமத்துப் பிள்ளை. வேகமாக ஒரு வளைவில் திருப்பினால்தான் அதன் சுயரூபம் தெரியும். இன்ஜின் இருமும், மிஸ் ஆகும், சில சமயம் ஒரு விநாடி அணைந்தே போகும். ரேஸில் ஒரு விநாடி என்பது சில கார் நீளம். இரண்டு கார்கள் ஒட்டிக்கொண்டு வளைவில் போகும்போது முன்னால் இருப்பவரின் இன்ஜின் அணைந்தால் என்ன ஆகும்? அது நேரக் கணக்கோடு நிற்காது. உயிர்க் கணக்கு.

அதனால்தான் ரேஸ் மெக்கானிக்குகள் இந்தக் குட்டி மிதவையைச் சீவினார்கள், வெட்டினார்கள், திருப்பி மாட்டினார்கள். ஏன், எப்படி, அதற்குக் கொடுத்த விலை என்ன? வாங்க, பார்ப்போம்.

கார்புரேட்டருக்குள் ஒரு மொட்டைமாடி டேங்க்

உங்கள் வீட்டு மொட்டைமாடி டேங்க்கைத் திறந்து பாருங்கள். தண்ணீர் வரும் குழாயின் முனையில் ஒரு கம்பி, அதன் நுனியில் ஒரு பிளாஸ்டிக் பந்து இருக்கும். தண்ணீர் ஏற ஏறப் பந்தும் ஏறும். டேங்க் நிறைந்ததும் கம்பி வால்வை அழுத்தி மூடிவிடும். தண்ணீர் குறைந்தால் பந்து இறங்கும், வால்வு திறக்கும். ஃபிளஷ் டேங்க்கிலும் இதே கதைதான்.

கார்புரேட்டரின் ஃபுளோட் சேம்பர் இதன் மினியேச்சர். பந்துக்குப் பதில் ஃபுளோட். வால்வுக்குப் பதில் ஊசி மாதிரி ஒரு நீடில் வால்வு. சேம்பரில் பெட்ரோல் குறிப்பிட்ட மட்டத்துக்கு வந்ததும் ஃபுளோட் நீடிலைத் தள்ளி, பம்ப்பிலிருந்து வரும் வழியை அடைத்துவிடும். சேம்பரின் அடியில் இருக்கும் ஜெட் என்ற சின்னத் துளை வழியாகப் பெட்ரோல் உறிஞ்சப்பட்டு, காற்றோடு கலந்து இன்ஜினுக்குள் போகும்.

பெட்ரோல் எவ்வளவு உயரத்தில் நிற்கிறதோ, அதை வைத்துத்தான் காற்றில் எவ்வளவு பெட்ரோல் கலக்கும் என்பதே. மட்டம் ஓரிரு மில்லிமீட்டர் மாறினாலே கலவை மாறிவிடும். ரேஸ் உலகில் பிரபலமான இத்தாலிய வெபர் டிசிஓஇ கார்புரேட்டரில் பித்தளை ஃபுளோட்டுக்கான வழக்கமான அளவு 8.5 மி.மீ. 'எட்டரை'தான், எட்டோ ஒன்பதோ இல்லை. அரை மில்லிமீட்டருக்கே அவ்வளவு மரியாதை!

சேம்பரில் எவ்வளவு பெட்ரோல் இருக்கும் என்றும் பார்த்துவிடுவோம். 100 குதிரைத்திறன் கொண்ட பெட்ரோல் இன்ஜினை முழு த்ராட்டிலில் ஓட்டினால், தோராயமாக மணிக்கு 30 லிட்டர் குடிக்கும். அதாவது விநாடிக்கு சுமார் 8 சி.சி. சேம்பரில் 50 சி.சி இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், நீடில் மூடியே இருந்தால் அது ஆறு விநாடிக்குத்தான் தாங்கும். ஒரு நீளமான வளைவைக் கடக்கவே நான்கைந்து விநாடி ஆகும். எவ்வளவு நெருக்கடியான கணக்கு பாருங்க!

வளைவில் 'கீழே' என்பது எங்கே?

ஒரு சின்னப் பரிசோதனை. அடுத்த முறை பஸ்ஸில் போகும்போது, பாதி தண்ணீர் உள்ள பாட்டிலைக் கையில் நேராகப் பிடித்துக்கொள்ளுங்கள். பஸ் வளையும்போது தண்ணீரைக் கவனியுங்கள். ஒரு பக்கம் ஏறி, மறுபக்கம் இறங்கிச் சாய்வாக நிற்கும். நீங்களே டிரைவராக இருந்தால் இந்த விளையாட்டு வேண்டாம். பக்கத்து சீட்டில் இருப்பவருக்கு மட்டும்தான்.

என்ன நடக்கிறது? புவியீர்ப்பு தண்ணீரைக் கீழே இழுக்கிறது. வளைவு அதை வெளிப்பக்கம் தள்ளுகிறது. இரண்டும் சேர்ந்து ஒரு புதிய 'கீழே'யை உருவாக்குகின்றன. திரவம் அந்தப் புதிய 'கீழே'க்குத்தான் கட்டுப்படும்.

வளைவின் தள்ளுவிசையை 'ஜி' என்ற அளவில் சொல்வார்கள். நம் எடையில் பாதி அளவு பக்கவாட்டில் தள்ளினால் 0.5 ஜி. எடைக்குச் சமமாகத் தள்ளினால் 1 ஜி. உங்கள் ஸ்மார்ட்போனில் இருக்கும் ஆக்ஸிலரோமீட்டர் இதை அளக்கும். அதற்கென்றே இலவச ஆப்கள் இருக்கின்றன.

0.3 ஜி வந்தால் திரவம் சுமார் 17 டிகிரி சாயும். 0.5 ஜி-யில் 27 டிகிரி. 1 ஜி-யில் சரியாக 45 டிகிரி. நல்ல டயர் போட்ட ரேஸ் கார் 1 ஜி-யைச் சாதாரணமாகத் தொடும்.

இதைக் கார்புரேட்டருக்குள் பொருத்திப் பாருங்கள். சேம்பரின் அகலம் 60 மி.மீ, பெட்ரோலின் ஆழம் 25 மி.மீ என்று வைத்துக்கொள்வோம். 0.5 ஜி வளைவில் ஒரு சுவர்ப்பக்கம் பெட்ரோல் 40 மி.மீ-க்கு ஏறிவிடும், எதிர்ச்சுவர்ப்பக்கம் 10 மி.மீ-க்கு இறங்கிவிடும். 1 ஜி-யில் ஒரு பக்கம் 55 மி.மீ வரை ஏறப் பார்க்கும். பல சேம்பர்களுக்கு அவ்வளவு உயரமே கிடையாது. மறுபக்கத்தில் தரையே கொஞ்சம் வறண்டுபோகும். அந்த வறண்ட மூலையில்தான் உங்கள் ஜெட் இருக்கிறது என்றால்? இன்ஜின் உறிஞ்சுவது பெட்ரோலை அல்ல, வெறும் காற்றை!

அப்போ பைக் மட்டும் எப்படி?

இங்கே ஒரு சந்தேகம் வரணுமே. மோட்டோ ஜிபி பைக்குகள் முழங்கை தரையில் உரசும் அளவுக்குச் சாய்கின்றன. நம் ஊர் ஆர்.எக்ஸ் 100-கூட கொண்டை ஊசி வளைவில் நன்றாகச் சாயும். கார்புரேட்டரும் கூடவே சாயுமே. அதில் ஏன் இன்ஜின் அணைவதில்லை?

விடை அழகானது. பைக் சாய்வதே அந்தப் புதிய 'கீழே'யை நோக்கித்தான். ஒரே சீராக வளையும்போது, புவியீர்ப்பும் வளைவின் தள்ளுவிசையும் சேர்ந்த மொத்த விசை, பைக்கின் உச்சியிலிருந்து டயரை நோக்கி ஏறக்குறைய நேராக இறங்குகிறது. அதனால் பைக்கைப் பொறுத்தவரை பெட்ரோல் எங்கும் சாயவில்லை, சமமாகவே நிற்கிறது. பின்சீட்டில் உட்கார்ந்திருப்பவர் வளைவில் பக்கவாட்டில் சரிந்து விழாததும் இதனால்தான்.

அதே பைக் நின்ற இடத்தில் பக்கவாட்டில் விழுந்தால், கார்புரேட்டர் குழாயிலிருந்து பெட்ரோல் சொட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். சாய்வு இருக்கிறது, வளைவின் தள்ளுவிசை இல்லை. அதனால் பெட்ரோல் ஒரு பக்கம் ஓடிவிடுகிறது.

கார் பைக் மாதிரி உள்பக்கம் சாயாது. அதனால் அதற்குள் இருக்கும் பெட்ரோல்தான் சாய்ந்தாக வேண்டும். ஒரே விதிவிலக்கு, ரோடே சாய்ந்திருந்தால்! அமெரிக்காவின் டேடோனா டிராக்கில் வளைவுகள் 31 டிகிரி சாய்வாகக் கட்டப்பட்டவை. அங்கே கார் முழுவதும் பைக் மாதிரி சாய்ந்து போவதால் கார்புரேட்டருக்குப் பாதி நிம்மதி. அதே அமெரிக்காவின் மார்ட்டின்ஸ்வில் டிராக்கில் சாய்வு 12 டிகிரிதான். குட்டி டிராக், இறுக்கமான வளைவுகள். வளைவின் தள்ளுவிசை பெரும்பாலும் நேராகச் சேம்பர் மேலேயே விழும்.

மூன்று விதமான கோளாறு

வளைவில் கார்புரேட்டர் மூன்று விதமாகச் சொதப்பலாம்.

முதலாவது, பட்டினி. ஜெட் இருக்கும் இடத்தைவிட்டுப் பெட்ரோல் நகர்ந்துவிடும். கலவையில் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு. மெக்கானிக்குகள் 'லீன்' என்பார்கள். முழு த்ராட்டிலில் இது தொடர்ந்தால் சிலிண்டருக்குள் சூடு எகிறி பிஸ்டனே சேதமாகலாம். இருமலோடு முடிந்தால் அதிர்ஷ்டம்.

இரண்டாவது, வெள்ளம். ஏறி நிற்கும் பெட்ரோல் வென்ட் குழாய் வழியாகவோ, மற்ற துளைகள் வழியாகவோ இன்ஜினுக்குள் வழியும். கலவை 'ரிச்' ஆகி, இன்ஜின் திணறி, சைலன்ஸரில் கறுப்புப் புகை வரும். அந்தப் பெட்ரோல் வெளியே வழிந்து சூடான எக்ஸாஸ்ட் மேல் விழுந்தால்... தீ!

மூன்றாவதுதான் நம் கதாநாயகனின் வேலை. ஃபுளோட் ஏமாந்துவிடும். அது இருக்கும் பக்கம் பெட்ரோல் ஏறினால், 'ஆஹா, டேங்க் ஃபுல்' என்று நினைத்து நீடிலை மூடிவிடும். உண்மையில் சேம்பர் காலியாகிக்கொண்டிருக்கும். எதிர்ப்பக்க வளைவில் 'அய்யோ, காலி' என்று நினைத்து வால்வை முழுசாகத் திறந்து, தேவையில்லாமல் பெட்ரோலைக் கொட்டும். இடது வளைவில் பட்டினி, வலது வளைவில் வெள்ளம். 'ஒரு பக்கம் திரும்பினால் மட்டும் மிஸ் ஆகுது' என்று ஒரு ரேஸ் கார் டிரைவர் சொன்னால், மெக்கானிக்கின் சந்தேகம் முதலில் இங்கேதான் போகும்.

மெக்கானிக் என்ன செய்வார்?

திசையை மாற்றுவது: ஃபுளோட் ஒரு கீலில் ஆடுகிறது, கதவு மாதிரி. கதவை அதன் திறக்கும் திசையில் தள்ளினால் ஆடும். கீலின் நீளவாக்கில், அதாவது மேலிருந்து கீழாக, எவ்வளவு அழுத்தினாலும் அசையாது. ஃபுளோட்டின் கீலும் அப்படித்தான். ஹோலி கார்புரேட்டர்களில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் ஃபுளோட் சேம்பரின் பக்கவாட்டில் தொங்கும். அதன் கீல் காரின் நீளவாக்கில் இருப்பதால், வளைவின் தள்ளுவிசை அதை நேரடியாக ஆட்டும். இன்னொன்றில் ஃபுளோட் நடுவில் தொங்கும், கீல் காரின் குறுக்காக இருக்கும். வளைவில் பெட்ரோல் இடமும் வலமும் சாய்ந்தாலும், நடுவில் மட்டம் பெரிதாக மாறாது. வளைவுகள் நிறைந்த ரேஸுக்கு நடுவில் தொங்கும் வகையை விரும்புவது இதனால்தான். பதிலுக்கு அது பிரேக்குக்கும் ஆக்ஸிலரேட்டருக்கும் கொஞ்சம் அதிகமாக ஆடும். மலையேறும் ஆஃப் ரோடு வண்டிக்காரர்கள் பக்கவாட்டு வகையைத் தேடுவதற்கும் அதுவே காரணம்.

இரட்டை மிதவை: ஒரே கையில் இடம் ஒன்று, வலம் ஒன்று என இரண்டு ஃபுளோட்கள். ஒன்று ஏறினால் மற்றது இறங்கும். இரண்டும் சேர்ந்து சராசரியைத்தான் நீடிலுக்குச் சொல்லும். காவடி மாதிரி பேலன்ஸ். நடுவில் ஜெட்டை வைத்துவிட்டால் இன்னும் நல்லது. எந்தப் பக்கம் சாய்ந்தாலும் நடு மட்டம் ஏறக்குறைய அப்படியே இருக்கும்.

தனிச் சேம்பர் என்றால்: பிரிட்டிஷ் எஸ்.யு கார்புரேட்டர்களில் ஃபுளோட் சேம்பர் தனியாகப் பக்கத்தில் தொங்கும். அது ஜெட்டிலிருந்து 60 மி.மீ தள்ளி இருந்தால், 0.5 ஜி வளைவில் ஜெட்டில் மட்டம் 30 மி.மீ ஏறவோ இறங்கவோ பார்க்கும். அதுவே சேம்பரை ஜெட்டுக்குப் பக்கவாட்டில் இல்லாமல் முன்பின்னாக வைத்தால், வளைவு அந்த மட்டத்தை அவ்வளவாகத் தொடாது. பிரேக்கையும் ஆக்ஸிலரேஷனையும் மட்டும் சமாளித்தால் போதும்.

சீவுவது, வெட்டுவது: இதுதான் மிதவையில் நேரடியாகக் கை வைக்கும் வேலை. சாய்ந்து ஏறும் பெட்ரோல் ஃபுளோட்டின் ஒரு மூலையை மட்டும் தூக்கும் என்றால், அந்த மூலையைச் சரிவாகச் சீவிவிடுவார்கள். ஃபுளோட் சேம்பர் சுவரில் உரசி மாட்டிக்கொண்டால், அந்த ஓரத்தை இழைப்பார்கள். சில ஃபுளோட்களில் பள்ளம் வெட்டப்பட்டிருக்கும். அது ஜெட் எக்ஸ்டென்ஷன் என்ற நீட்டிப்புக் குழாய்க்கான இடம். வேகமெடுக்கும்போது பெட்ரோல் பின்சுவருக்கு ஓடிவிடுவதால், ஜெட்டிலிருந்து ஒரு குட்டிக் குழாயை அங்கே வரை நீட்டிவிடுவார்கள், ஸ்ட்ரா போட்டு இளநீரின் கடைசிச் சொட்டு வரை உறிஞ்சுகிற மாதிரி. அந்தக் குழாய் இடிக்காமல் இருக்கத்தான் பள்ளம்.

தடுப்பு போடுவது: பெட்ரோல் டேங்கர் லாரிக்குள் தடுப்புத் தகடுகள் இருக்கும், திரவம் மொத்தமாக ஒரு பக்கம் பாயாமல் இருக்க. அதே மாதிரி சேம்பருக்குள் ஜெட்டைச் சுற்றிச் சின்னத் தடுப்பு வைத்தால், திடீர் அலை வந்தாலும் கொஞ்சம் பெட்ரோல் அங்கே தங்கும். வென்ட் குழாயை நீட்டிவிட்டால் வெள்ளமும் குறையும்.

வெட்டினால் என்ன விலை?

'அப்போ ஃபுளோட்டைச் சீவிவிட்டால் பிரச்னை முடிந்தது' என்று நினைக்காதீர்கள். ஃபுளோட் மிதப்பதே அதன் கன அளவால்தான். அதைக் குறைத்தால் மிதக்கும் சக்தியும் குறையும்.

ஒரு கணக்குப் போடுவோம். நீடில் அடைக்கும் துளையின் விட்டம் 2 மி.மீ. பம்ப் அழுத்தம் 3 பி.எஸ்.ஐ. அந்தத் துளையை மூடி வைக்கச் சுமார் ஆறரை கிராம் விசை வேண்டும். ஃபுளோட்டின் கை நெம்புகோல் மாதிரி நான்கு மடங்கு உதவி செய்கிறது என்றால், ஃபுளோட் தர வேண்டியது சுமார் 1.6 கிராம். ஒரு சி.சி பெட்ரோலின் எடை ஏறக்குறைய 0.74 கிராம். அதாவது, தன் எடையைத் தாங்குவது போக, இன்னும் 2 சி.சி-க்குக் கொஞ்சம் மேல் ஃபுளோட் மூழ்கியாக வேண்டும். அப்போதுதான் வால்வு மூடும்.

பெட்ரோலில் மூழ்கியிருக்கும் பகுதியிலிருந்து 2 சி.சி-யை நீங்கள் சீவி எடுத்துவிட்டால்? எடுத்த பொருளின் எடை போக, அந்த மிதப்பை மறுபடி சம்பாதிக்க ஃபுளோட் இன்னும் ஆழமாக மூழ்க வேண்டும். ஃபுளோட்டின் மேற்பரப்பு 10 சதுர செ.மீ என்றால், பெட்ரோல் மட்டம் கிட்டத்தட்ட 2 மி.மீ வரை ஏறிவிடும். அரை மில்லிமீட்டருக்கே மரியாதை கொடுக்கும் கருவியில் 2 மி.மீ! வளைவுக்காகச் செய்த வேலை நேர் ரோட்டைக் கெடுத்துவிடும்.

அதனால் ஃபுளோட்டைச் சீவியவர் மூன்று வேலைகளைத் திரும்பச் செய்தாக வேண்டும். ஒன்று, ஃபுளோட் மட்டத்தைப் புதிதாக அட்ஜஸ்ட் செய்வது. இரண்டு, ஃபுளோட் எவ்வளவு கீழே இறங்கலாம் என்ற அளவைப் பார்ப்பது. அது குறைந்தால் வால்வு முழுசாகத் திறக்காமல், சேம்பர் நிறையத் தாமதமாகும். மூன்று, பம்ப் அழுத்தத்தைச் சரிபார்ப்பது. வெபருக்குப் பொதுவாக 3 பி.எஸ்.ஐ ஒட்டியே போதும். ஹோலி 5, 6 பி.எஸ்.ஐ தாங்கும். மிதப்பு குறைந்த ஃபுளோட்டால் பழைய அழுத்தத்தை அடக்க முடியாமல் போகலாம்.

ஃபுளோட்டின் பொருளும் முக்கியம். உள்ளே வெற்றிடமான பித்தளை ஃபுளோட்டை வெட்டவே முடியாது, ஓட்டையாகிவிடும். கறுப்பு நிற நைட்ரோஃபில் நுரை ஃபுளோட்டை இழைக்கலாம். ஆனால், ஆண்டுகள் போகப் போக அது பெட்ரோலை உறிஞ்சி கனமாகும் பழக்கம் கொண்டது. பித்தளை ஃபுளோட்டில் ஓட்டை விழுந்தால் அதை ஈயம் வைத்துப் பற்றவைக்கும் பழக்கம் உண்டு. உள்ளே பெட்ரோல் ஆவி இருக்கும்போது சூடு காட்டினால் அது வெடிக்கும். இது வீட்டுத் திண்ணையில் செய்து பார்க்கும் வேலை இல்லவே இல்லை!

ஒரே பக்கம் திரும்பினால் சுலபம்

அமெரிக்க ஓவல் டிராக் ரேஸ்களில் கார்கள் எப்போதும் இடது பக்கம்தான் திரும்பும். பெட்ரோல் எப்போதும் வலது பக்கம்தான் ஓடும். எதிரி எந்தப் பக்கம் வருவான் என்று தெரிந்துவிட்டால் சண்டை சுலபம், இல்லையா? ஃபுளோட்டை ஒரு பக்கம் மட்டும் சீவலாம். இடது, வலது ஜெட்களை வெவ்வேறு அளவில் போட்டுக் கணக்கை நேர் செய்யலாம்.

லு மான்ஸ் மாதிரி இரண்டு பக்கமும் வளையும் டிராக்கில் அந்தச் சலுகை கிடையாது. இடது வளைவுக்குக் கொடுத்த மருந்து வலது வளைவில் விஷமாகும். அங்கே இரண்டு பக்கத்துக்கும் சமமான தீர்வுதான் வேண்டும். நடுவில் தொங்கும் ஃபுளோட், நடுவில் ஜெட், கொஞ்சம் தடுப்பு. ஒரு ரேஸ் காரின் ஃபுளோட் இன்னொரு ரேஸ் காருக்குப் பொருந்தாமல் போவது இதனால்தான்.

வானத்தில் அணைந்த இன்ஜின்

ஃபுளோட் ஏமாறுவது எவ்வளவு சீரியஸான விஷயம் என்பதற்கு ரேஸைவிடப் பெரிய உதாரணம், இரண்டாம் உலகப்போர். 1940-ல் பிரிட்டனின் ஸ்பிட்ஃபயர், ஹரிகேன் விமானங்களில் ரோல்ஸ் ராய்ஸ் மெர்லின் இன்ஜின். அதில் ஃபுளோட் வைத்த எஸ்.யு கார்புரேட்டர். எதிரியைத் துரத்திக்கொண்டு மூக்கைச் சட்டென்று கீழே சாய்த்தால், பெட்ரோல் சேம்பரின் கூரைக்குத் தாவிவிடும். முதலில் பட்டினி. பிறகு ஃபுளோட் தடம் மாறி வால்வைத் திறந்துவிட, வெள்ளம். இன்ஜின் திணறி அணையும். ஜெர்மன் மெஸ்ஸர்ஷ்மிட் 109-ல் ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் இருந்ததால் அது ஜாலியாகக் கீழே பாய்ந்து தப்பிவிடும்.

இதற்குத் தற்காலிகத் தீர்வு கண்டவர் ஒரு பெண் இன்ஜினீயர், பீட்ரிஸ் ஷில்லிங். இவர் ஃபுளோட்டைத் தொடவே இல்லை. பெட்ரோல் வரும் வழியில் துளையிட்ட ஒரு சின்ன உலோகத் தடையை வைத்தார். இன்ஜினின் உச்சபட்சத் தேவைக்கு என்ன வேண்டுமோ, அதற்கு மேல் பெட்ரோல் வர முடியாது. ஃபுளோட் ஏமாந்து வால்வை முழுசாகத் திறந்தாலும் வெள்ளம் வராது. 1941-ல் இது விமானங்களில் பொருத்தப்பட்டது. கூடுதல் தகவல்: இவர் பிரிட்டனின் ப்ரூக்லேண்ட்ஸ் டிராக்கில் மணிக்கு 100 மைலுக்கு மேல் பைக் ஓட்டித் தங்க நட்சத்திர பேட்ஜ் வாங்கியவர். செம கெத்து, இல்லையா?

மிதவை ஏமாறுவதை முழுசாகத் தடுக்க முடியாவிட்டால், அது ஏமாந்தாலும் சேதம் குறையும்படி செய்வதும் ஒரு வழி. ஃபுளோட்டில் கத்தி வைப்பதற்கு முன் எந்த மெக்கானிக்கும் யோசிக்க வேண்டிய விஷயம் இது.

இன்னைக்கு இதெல்லாம் எதுக்கு?

அமெரிக்காவின் நாஸ்கார் கப் ரேஸ் கார்களே 2011 வரை கார்புரேட்டரில்தான் ஓடின. 2012-ல் இன்ஜெக்‌ஷனுக்கு மாறின. இந்தியாவில் 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 வந்த பிறகு, புது பைக்குகளில் பெரும்பாலும் இன்ஜெக்‌ஷன்தான். இன்ஜெக்‌ஷனில் பெட்ரோல் அழுத்தத்தோடு தெளிக்கப்படுவதால் ஃபுளோட்டுக்கு வேலையே இல்லை.

ஆனால், பிரச்னை சாகவில்லை, இடம் மாறியிருக்கிறது. டேங்க்கில் பெட்ரோல் குறைவாக இருக்கும்போது வேகமாக வளைந்தால், டேங்க்குக்குள் இருக்கும் பம்ப் காற்றை உறிஞ்சலாம். அதனால்தான் டேங்க்குக்குள் தடுப்புகளும், பம்ப்பைச் சுற்றி ஒரு குட்டித் தொட்டியும் வைக்கிறார்கள். ரேஸ் கார்களில் தனியாக ஒரு சர்ஜ் டேங்க். இன்ஜின் ஆயிலுக்கும் இதே கதைதான். வளைவில் ஆயில் ஒரு பக்கம் ஓடி பேரிங் காய்ந்துபோகாமல் இருக்க, பல ரேஸ் கார்களில் 'டிரை சம்ப்' என்று ஆயிலைத் தனித் தொட்டியில் வைக்கிறார்கள். அன்று மிதவையைப் பார்த்துக் கேட்ட அதே கேள்விதான்: 'வளைவில் கீழே என்பது எங்கே?'

கடைசியாக, உங்களுக்கு ஒரு வார்த்தை. வீட்டில் பழைய ஆர்.எக்ஸ் 100-ஓ, கார்புரேட்டர் வைத்த மாருதி 800-ஓ இருக்கலாம். ரீல்ஸ் பார்த்துவிட்டு, ஃபுளோட்டைச் சீவலாமா என்று கை துறுதுறுக்கலாம். வேண்டாம். பைக் என்றால், சீராக வளையும்போது இந்தக் கோளாறுக்கு அதில் இடமே இல்லை என்று மேலேயே பார்த்தோம். கார் என்றால், அன்றாட ஓட்டத்தில் அது வழக்கமாக 1 ஜி பக்கமே போகாது. அப்படியும் வளைவில் மிஸ் ஆனால், முதலில் பார்க்க வேண்டியவை வேறு. டேங்க்கில் போதுமான பெட்ரோல் இருக்கிறதா? ஃபில்டர் அடைத்திருக்கிறதா? நீடில் தேய்ந்திருக்கிறதா? ஃபுளோட்டுக்குள் பெட்ரோல் புகுந்திருக்கிறதா? காதருகே வைத்து ஆட்டினால் சலசலக்கும். அப்படியென்றால் புது ஃபுளோட் போட்டு, மட்டத்தை அளந்து வைத்தாலே பெரும்பாலும் போதும்.

சீவிய பிளாஸ்டிக்கைத் திரும்ப ஒட்ட முடியாது. வழிந்த பெட்ரோலைத் தீயிடமிருந்து திரும்ப வாங்கவும் முடியாது. அதனால் ஃபுளோட்டில் கத்தி வைக்கும் வேலையை, அளவுகோலும் தீயணைப்பானும் கூடவே வைத்திருக்கும் ரேஸ் மெக்கானிக்குகளிடம் விட்டுவிடுவோம். நமக்குக் கையில் பாதித் தண்ணீர் பாட்டிலும், பஸ்ஸில் ஜன்னலோர சீட்டும் போதும்!